தடைக்காலத்தில் டிரவுட் பிடிக்க அழைத்துச் சென்றது குறித்துப் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
ராயபுரம், சென்னை – 600 013.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தங்கள் சுற்றுலா நிறுவனம், பெங்களூரு.

நாள்: நவம்பர் 20

பொருள்: தீர்த்தன் பள்ளத்தாக்கு டிரவுட் பயணத்தை மீன்பிடித் தடைக்காலத்துக்குத் தள்ளிவைத்தது, இல்லாத அனுமதி இருப்பதாகச் சொன்னது, கட்டணத்தைத் திருப்பிக் கேட்பது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இமாச்சலப் பிரதேசத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்கில் டிரவுட் என்ற குளிர்நீர் மீனை ஃப்ளை ஃபிஷிங் முறையில், அதாவது கொக்கியில் கட்டிய செயற்கைப் பூச்சியை வீசிப் பிடிக்க, எனக்கும் என் அப்பாவுக்கும் சேர்த்து 64,000 ரூபாயைத் தங்கள் நிறுவனத்துக்கு முழுவதுமாக முன்கூட்டியே கட்டினேன். அக்டோபர் இரண்டாம் வாரம் என்று உறுதி செய்திருந்தீர்கள். புறப்படும் நேரத்தில், தங்கும் விடுதியில் வேலை நடக்கிறது என்று சொல்லி நவம்பர் முதல் வாரத்துக்கு மாற்றினீர்கள். இமாச்சலத்தின் டிரவுட் ஆறுகளில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை மீன்பிடிக்கத் தடை இருக்கிறது. அது தெரிந்துதான் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் கேட்டேன். "சிறப்பு அனுமதி வாங்கிவிட்டோம் சார், பெரிய பிரவுன் டிரவுட் கிடைக்கிற நேரமே இதுதான்" என்று தங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அதன் நகலை இணைத்திருக்கிறேன்.

அப்படி ஓர் அனுமதி இல்லவே இல்லை. என் புகாரின் மையம் இந்த ஒரு பதில்தான். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

அக்டோபர் என்றால் என்ன, நவம்பர் என்றால் என்ன, நான்கு வாரம் தள்ளிப் போனால் என்ன குறைந்துவிட்டது என்று தங்கள் ஊழியர் போனில் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். மலையில் பருவமழை செப்டம்பர் கடைசியில் ஓய்ந்த பிறகு ஆற்றில் கலங்கல் வடியும். தண்ணீர் இறங்கி, அடியில் கிடக்கும் கல்லை எண்ணுகிற அளவுக்குத் தெளியும். குளிர்காலம் வருவதற்குள் உடம்பு தேற்றிக்கொள்ள டிரவுட் நன்றாக இரை எடுக்கிற சில வாரங்கள் அவை. அதே தெளிவில் மீனுக்கு நம் நிழலும் தெரியும். டிரவுட் எப்போதும் ஓட்டத்தை எதிர்த்து, தலையை மேல்நோக்கி வைத்தே நிற்கும். ஆகவே கீழ்ப்பக்கமிருந்து, அதன் முதுகுக்குப் பின்னால், குனிந்து மெதுவாக ஏறிப் போக வேண்டும். பூச்சியைக் கட்டும் நுனித் தூண்டில் நரம்பு 0.15 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தால் மீன் விலகிவிடும். பூச்சி 16, 18 ஆம் எண் கொக்கியில் கட்டிய பொடிப்பூச்சியாக இருக்க வேண்டும். காலைக் குளிரில் தண்ணீர் உறைந்த மாதிரி கிடக்கும். வெயில் ஏறி, நீர்ப்பூச்சிகள் சிறகு விரித்து மேலே வந்த பிறகுதான் மீன் மேல்மட்டத்துக்கு வரும். ஒரு வருடத்தில் அந்த நேரம் சில வாரங்களே கிடைக்கும். நான் பணம் கட்டியது அதற்காகத்தான்.

அதற்கென்று பல மாதம் தயார் செய்தேன். எங்கள் வீட்டருகே உள்ள பள்ளி மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில், கொக்கிக்குப் பதிலாக ஒரு சின்ன நூல் குஞ்சத்தைக் கட்டி வீசிப் பழகினேன். கடல் தூண்டில் பிடித்த கைக்கு இது சுலபமாக வரவில்லை. கடலில் ஈயக் குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் பூச்சிக்கு எடையே கிடையாது, நுனி நரம்புக்குப் பின்னால் வரும் கனமான கயிற்றின் எடைதான் பூச்சியைக் கொண்டு போய்ச் சேர்க்கிறது. முன்னும் பின்னும் அசைக்கும்போது கயிறு பின்னால் முழுவதும் நீளும் வரை காத்திருக்க வேண்டும். எல்க் ஹேர் கேடிஸ், பெசன்ட் டெயில் நிம்ஃப் என்ற செயற்கைப் பூச்சிகள் இரண்டையும் நானே கட்டக் கற்றுக்கொண்டேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துவிட்டு, முடிச்சை இன்னும் இறுக்கமாகப் போடச் சொல்லிக் கொடுத்தார். அவர் காசிமேட்டில் வாழ்நாள் முழுக்க விசைப்படகு ஓட்டியவர், ஓய்வு பெற்றவர். மலை ஆற்றில் ஒரு முறையாவது மீன் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

நவம்பர் 3 அன்று சென்று சேர்ந்தோம். முகாமில் அனுமதிச் சீட்டைக் கேட்டேன். மேலாளர் என்று அறிமுகமானவர், "நாளைக்கு வரும்" என்றார். மறுநாள் கேட்டதற்கு, "இந்தப் பக்கம் யாரும் வந்து பார்ப்பதில்லை" என்றார். மீன்வளத் துறையின் உரிமச் சீட்டுகூட எங்கள் பெயரில் எடுக்கப்படவில்லை. ஆற்றில் இல்லாமல், மேலே ஏறிக் கிளை ஓடையில் பிடிக்கலாம் என்று விடியற்காலையில் அழைத்துப் போனார்கள்.

அந்த ஓடையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று சொல்கிறேன். பிரவுன் டிரவுட் இலையுதிர் காலத்தில்தான் முட்டையிடும். தண்ணீர் குளிரக் குளிர, ஆற்றை விட்டு ஓடைகளுக்கு ஏறும். பெண் மீன் ஒருக்களித்துப் படுத்து வாலால் கூழாங்கல்லை அடித்து ஒரு குழி தோண்டி, அதில் முட்டையிட்டு, மேலே கல்லைத் தள்ளி மூடும். பாசி கழுவப்பட்டதால் அந்த இடம் மட்டும் வெளிறிய நீள்வட்டமாகத் தெரியும். முட்டை அந்தக் கல்லுக்கு அடியிலேயே குளிர்காலம் முழுக்கக் கிடந்து, வசந்தத்தில் குஞ்சாகும். அது வரை அந்தக் கல்லுக்கு இடையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே ஒருவர் பூட்ஸ் காலோடு மிதித்தால் முட்டைகள் நசுங்கிவிடும். நான்கு மாதத் தடை எதற்கு என்றால் இதற்குத்தான். "பெரிய பிரவுன் டிரவுட்" ஆழமில்லாத இடத்தில் சுலபமாகக் கிடைப்பதும் இதனால்தான். அது ஓடிப் போகாமல் முட்டைக்குழி மேலேயே நிற்கிறது. அதைப் பிடிக்கச் சொல்லித்தான் எங்களிடம் கோலைக் கொடுத்தார்கள்.

ஓடையில் அந்த வெளிறிய வட்டங்கள் பல இருந்தன. ஒன்றின் மேல் இரண்டு மீன்கள் நின்றிருந்தன. அப்பா சற்று நேரம் பார்த்தார். "இன்னாடா இது, சினை மீன்டா. இத்தப் போயி புடிக்கச் சொல்றானுங்க" என்றார். தண்ணீருக்குள் கால் வைக்க மறுத்துவிட்டார். நானும் மறுத்தேன். உடன் வந்த விருந்தினர்கள் சிலர் அந்த வட்டங்களின் மேலேயே நடந்தார்கள். அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆகவே அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் தாங்கள்.

அப்பா ஏன் அவ்வளவு கலங்கினார் என்பதும் தங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. 2001 இல் 45 நாளாக ஆரம்பித்த தடை 2017 இலிருந்து 61 நாள் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் காசிமேட்டில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். என்ஜினைப் பிரிப்பார்கள், பலகைக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், வலையைத் தைப்பார்கள். வருமானம் கிடையாது. அரசு தரும் நிவாரணம் வீட்டுச் செலவுக்குப் போதாது. அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போன வருடங்கள் எங்கள் வீட்டில் உண்டு. மீன் முட்டையிட்டுப் பெருக வேண்டும் என்பதற்காகக் கூலி இழந்து வீட்டில் இருந்தவர் அவர். வயிற்றுப் பிழைப்புக்காரர்கள் பொறுக்கிற தடையை, பொழுதுபோக்குக்காக வருகிறவர்களை வைத்துத் தங்கள் நிறுவனம் மீறியிருக்கிறது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

தீர்த்தன் சாதாரண ஆறும் இல்லை. 2014 இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவின் மலைகளிலிருந்து இறங்கி வருகிறது. டிரவுட் அங்கே பிறந்த மீன் அல்ல. 1909 இல் காஷ்மீரிலிருந்து முட்டை கொண்டுவந்து குலு பகுதியில் வளர்த்தது. நூறு வருடத்துக்கும் மேலாக அது நிலைத்திருப்பதற்கு அந்த ஊர்க்காரர்களின் கட்டுப்பாடும் ஒரு காரணம்.

நாங்கள் மறுத்த பிறகு, "மாற்று ஏற்பாடு" என்று ஒரு பண்ணைக்கு அழைத்துப் போனார்கள். சிமென்ட் தொட்டியில் தீனி போட்டு வளர்த்த ரெயின்போ டிரவுட்டைத் தூண்டிலில் பிடிக்கச் சொன்னார்கள். பண்ணைக்காரர் மீன் வளர்ப்பது அவர் தொழில், அதில் தவறில்லை. ஆனால் தங்கள் விளம்பரத்தில் "மலை ஓடையில் காட்டு டிரவுட்" என்று இருக்கிறது. அப்புறம், 9 அடி 4 எண் ஃப்ளை கோல் தருவதாக எழுதியிருந்தீர்கள். கையில் கொடுத்தது உலோகத் தகடு வீசும் ஸ்பின்னிங் கோல். அதில் நான் கட்டிக்கொண்டு போன பூச்சி எதையும் வீச முடியாது. அறை, சாப்பாடு பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை.

எங்களோடு வந்த உள்ளூர் வழிகாட்டித் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. அப்பா மறுத்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மேலிடத்தில் சொன்னார்கள், நான் என்ன செய்ய" என்று பிறகு தனியாக என்னிடம் சொன்னார். பழியை அவர் தலையில் போட்டு, வேலையை விட்டு நிறுத்தினால் அது இன்னொரு அநியாயம். வாட்ஸ்அப் பதில் அவர் அனுப்பியது அல்ல, தங்கள் அலுவலகம் அனுப்பியது.

ஊர் திரும்பியதும் பணத்தைக் கேட்டேன். "வாடிக்கையாளரே விருப்பப்பட்டு மீன்பிடிக்கவில்லை, ஆகவே பணம் திரும்பாது" என்று மின்னஞ்சல் அனுப்பினீர்கள். சட்டம் தடுத்த ஒன்றைச் செய்யாமல் இருந்தது என் விருப்பம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தர முடியாத சேவைக்குத் தாங்கள் பணம் வாங்கியிருக்கிறீர்கள்.

ஆகவே கட்டிய 64,000 ரூபாயையும், தேதி மாறியதால் பழைய ரயில் டிக்கெட்டை ரத்து செய்து புதிதாக எடுத்ததில் ஏற்பட்ட 5,740 ரூபாய் இழப்பையும் திருப்பித் தர வேண்டும். "நவம்பர்–டிசம்பர் டிரவுட் ஸ்பெஷல்" என்ற விளம்பரம் இன்றைக்கும் தங்கள் இணையதளத்தில் இருக்கிறது, அதை உடனே எடுக்க வேண்டும். அந்த மாதங்களுக்கு ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்குத் தடை பற்றி எழுத்தில் தெரிவித்து, அவர்களுக்கும் பணத்தைத் திருப்ப வேண்டும். என் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு மற்றவர்களை அதே ஓடைக்கு அழைத்துப் போனால் இந்தப் புகார் தீர்ந்ததாக நான் ஏற்க மாட்டேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இன் கீழ், சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம் இரண்டுக்காகவும் சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். தங்கள் அலுவலகம் பெங்களூரில் இருந்தாலும், நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர அந்தச் சட்டம் இடம் தருகிறது. இக்கடிதத்தின் நகலை, ஓடையில் எடுத்த புகைப்படங்களோடு, இமாச்சலப் பிரதேச மீன்வளத் துறைக்கும் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ராயபுரம்.

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, தேதி மாற்ற அறிவிப்பு, வாட்ஸ்அப் உரையாடலின் நகல், ரயில் டிக்கெட்டுகள், முட்டைக்குழிகளின் புகைப்படங்கள், தங்கள் விளம்பரப் பக்கத்தின் அச்சுப் பிரதி.