பேருந்து ஓரம் வந்து நிற்கட்டும்

வடசென்னையின் சாலைகளுக்கும் பேருந்துகளுக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் புறப்பட்ட கதை உங்களுக்குத் தெரியாததல்ல. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றப் படியேறித்தான் படியில்லாத பேருந்து இந்த ஊருக்கு வந்தது என்பதும் தெரியும். வண்டியில் குறையில்லை. அது ஓரத்தை விட்டுத் தள்ளி நிற்பதில்தான் குறை.

கணக்கைப் பாருங்கள். தாழ்தளப் பேருந்தின் தளம் தரையிலிருந்து சுமார் 400 மி.மீ. நடைபாதை 150 மி.மீ.க்கு மேல் உயரக் கூடாது என்பது சாலைகளுக்குத் தரவிதி வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் அமைப்பின் நெறிமுறை. ஆக, பேருந்து விளிம்பை ஒட்டி நின்றால் ஏற வேண்டியது 250 மி.மீ. மட்டுமே, வண்டியைச் சற்றே சாய்த்துக் கொடுத்தால் அதுவும் குறையும். அதே பேருந்து ஆறடி தள்ளி நின்றால், பயணி நடைபாதையிலிருந்து இறங்கி, நடுவில் நுழையும் பைக்குக்கு ஒதுங்கி, தாரிலிருந்து முழு 400 மி.மீ. ஏற வேண்டும். சக்கர நாற்காலிக்கான பலகையைத் தார்மேல் விரித்தால் அது ஏணி மாதிரி நிற்கிறது. காசிமேட்டிலிருந்து அன்னக்கூடையோடு வரும் மீன்கார அம்மாவுக்கு இரண்டு கையும் கூடையில்தான். கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. கூடையை முதலில் உள்ளே தள்ளி, பிறகு தான் ஏற வேண்டும். அந்தப் பத்து நொடிக்குள் பின்னால் லாரி ஹாரன் அடிக்க, பேருந்து நகரத் தொடங்கிவிடும்.

ஓட்டுநரைத் திட்டிப் பயனில்லை. 12 மீட்டர் வண்டியை வளைத்து, ஓரமாக நேரே நிறுத்தி, மறுபடி வெளியே எடுக்க ஏறக்குறைய 35 மீட்டர் ஓரம் காலியாக இருக்க வேண்டும். அங்கே ஷேர் ஆட்டோ வரிசை நிற்கிறது. மூக்கை மட்டும் நுழைத்தால் பின்பக்கம் சாலையை மறிக்கும். முழுதாக நுழைந்தால் திரும்ப வெளியே வர யாரும் வழி விடமாட்டார்கள்.

அதனால்தான் கேட்கிறோம்: பேருந்து ஓரம் வர முடியாத இடத்தில் ஓரத்தைப் பேருந்திடம் கொண்டுவாருங்கள். நிறுத்தத்தில் மட்டும் நடைபாதையை வண்டித் தடம்வரை நீட்டினால், பேருந்து நெளியாமல் போன கோட்டிலேயே நிற்கும். 15 மீட்டர் நீளம் போதும். ஆட்டோ நுழையவும் அங்கே இடமிருக்காது. நிழற்குடைத் தூணும் மின்பெட்டியும் கதவுக்கு நேரே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுக்கச் சொல்லி 2021-லேயே உத்தரவு இருக்கிறது. சுரண்டாமல் 50 மி.மீ. வீதம் இரண்டு முறை போட்டால் 150 மி.மீ. விளிம்பு 50 ஆகிவிடும். அதன்பின் மழைத்தண்ணீர்தான் நிழற்குடையில் உட்கார்ந்து பேருந்துக்குக் காத்திருக்கும்.

விம்கோ நகர்வரை 2021-லிருந்து மெட்ரோ ஓடுகிறது. மேலே ரயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவே செருப்பு நுனி நுழையாது. கீழே பேருந்துக்கு ஆறடி. இரண்டுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் தருகிறீர்கள், மகிழ்ச்சி. பெருமழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கும் நாட்களுக்குப் படகு டிக்கெட்டையும் அதிலேயே சேர்த்துவிட்டால் வடசென்னைக்கு எந்தக் குறையும் இருக்காது.

மன்னிக்கவும், சொல்ல வந்தது அது அல்ல. பேருந்து ஓரம் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். மெட்ரோ வாசலை ஒட்டிய நிறுத்தங்களில் தொடங்கலாம்: புதுவண்ணாரப்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி. எடுத்த எடுப்பில் கான்கிரீட் வேண்டாம். கழற்றக்கூடிய மேடையும் தடுப்புக் கம்பமும் வைத்து ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். தயவுசெய்து, காலை எட்டு மணிக்கு ஒருமுறை நேரில் வாருங்கள். அளக்க டேப் நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
வடசென்னைப் பேருந்துப் பயணிகள்