வெறும் தொப்பி சண்டைன்னு எழுதாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூலை 10 வந்தா வேலூர் புரட்சி பத்தி எல்லாரும் எழுதுறாங்க, சந்தோஷம்தான், ஆனா காரணம்னு வரும்போது "புதுத் தொப்பி போடச் சொன்னதால சிப்பாய்ங்க கோபப்பட்டாங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிடுறாங்க. ஏதோ யூனிஃபார்ம் பிடிக்காம அடம்புடிச்ச மாதிரி இருக்கு. படிக்கும்போது மனசு கேக்கலைங்க.

அப்போ கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில இருந்த நம்ம சிப்பாய்ங்களுக்கு வந்த உத்தரவு என்ன தெரியுமா? நெத்தியில விபூதி, நாமம் கூடாது, காதுல கடுக்கன் கூடாது, தாடியை எடு, மீசையை நாங்க சொல்ற அளவுக்கு வெட்டு, இதோட புது தலைப்பாகை வேற, அதுல தோல்ல செஞ்ச குஞ்சம். மாட்டுத் தோலா பன்னித் தோலான்னு இந்து முஸ்லிம் ரெண்டு பேருக்குமே பயம். அந்தக் காலத்துல வெள்ளைக்காரனுக்கே தொப்பிக்காரன்னு தான் பேரு, அப்போ அதைப் போட்டுக்கிட்டு ஊருக்குப் போனா மதம் மாறிட்டான்னு தானே சொந்தக்காரங்க ஒதுக்கி வச்சிருப்பாங்க?

இன்னொரு முக்கியமான விஷயம், அவங்க எடுத்த எடுப்புல துப்பாக்கியைத் தூக்கல. 1806 மே மாசமே இதைப் போட மாட்டோம்னு வாய் விட்டு சொல்லிட்டாங்க. அதுக்கு என்ன கெடச்சுது தெரியுமா, 21 பேரை மெட்ராஸுக்கு கொண்டு போயி விசாரணை, ஒரு இந்து ஒரு முஸ்லிம் ரெண்டு பேருக்கு ஆளுக்கு 900 கசையடி கொடுத்து வேலையை விட்டும் தொரத்திட்டாங்க, மத்த 19 பேருக்கு 500 அடின்னு தீர்ப்பு, மன்னிப்பு கேட்டதால விட்டாங்க. 900 அடிங்க! ஜூலைல நடந்ததுக்கு இதுதான் வித்துன்னு நான் நெனைக்கிறேன். ஜூலை 10 அன்னிக்கு சிப்பாய்ங்க வேலூர் கோட்டையைப் பிடிச்சப்போ ஆஸ்பத்திரியில படுத்திருந்த வெள்ளைக்கார சிப்பாய்ங்களையும் கொன்னாங்க, அதை நான் சரின்னு சொல்ல வரல. ஆற்காட்டுல இருந்து கில்லெஸ்பிங்கிற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப்படையோட வந்து நூத்துக்கணக்கான சிப்பாய்ங்களைக் கொன்னு கோட்டையை மீட்டான்.

அதுக்கப்புறம் அந்த தலைப்பாகை உத்தரவையே வாபஸ் வாங்கிட்டாங்க. மெட்ராஸ் படைத் தளபதி கிரடாக், மெட்ராஸ் கவர்னர் பெண்டிங்க் ரெண்டு பேரையும் லண்டனுக்கு திருப்பி கூப்பிட்டுக்கிட்டாங்க. அப்போ மே மாசம் அந்த சிப்பாய்ங்க கேட்டது நியாயம்னு தானே அர்த்தம்? அப்படியும் 51 வருஷம் கழிச்சு 1857-ல மாட்டுக் கொழுப்பு, பன்னிக் கொழுப்பு தடவுனதா சொன்ன தோட்டாவை வாயால கடின்னு வடக்க கொடுத்தாங்களே.

அடுத்த வருஷம் உங்க பேப்பர்ல இதைப் பத்தி போடும்போது தொப்பியோட நிறுத்தாம, கசையடி வாங்குன அந்த ரெண்டு பேரைப் பத்தியும் நாலு வரி சேர்த்துப் போடுங்க ப்ளீஸ்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்