தேயறதுக்குன்னே அடிக்கிற கோட்டிங் அது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன வாரம் நம்ம பேப்பர்ல விமான இன்ஜின் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாதான் எழுதியிருந்தாங்க, ஆனா நடுவுல ஒரு வரி, கேசிங் (பிளேடுகள சுத்தி இருக்கிற வெளிக்கூடு) உள்பக்க கோட்டிங் தேஞ்சு பள்ளம் விழுந்திருக்கு, மட்டமான சரக்க அடிச்சிருக்காங்கன்னு. ரொம்ப வருஷம் இன்ஜின் ஓவர்ஹால் ஷாப்ல இருந்தவன் நான், அந்த வரிய படிச்சிட்டு சும்மா இருக்க முடியல.

அந்த கோட்டிங்குக்கு பேரே அப்ரேடபிள் சீல், அதாவது உரசினா தேஞ்சு போறதுக்குன்னே வச்ச அடைப்பு. சுத்துற பிளேடு நுனிக்கும் கேசிங்குக்கும் நடுவுல கேப் எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது, பெரிய இன்ஜின்ல ஹை பிரஷர் டர்பைன்ல (எரிஞ்ச சூடான வாயு முதல்ல வந்து சுத்த வைக்கிற பகுதி) கால் மில்லிமீட்டர் கூடினாலே எரிபொருள் கிட்டத்தட்ட 1 சதவீதம் அதிகமா குடிக்கும், எக்ஸாஸ்ட் சூடும் ஒரு 10 டிகிரி ஏறும். ஆனா டேக் ஆஃப்ல பிளேடு சுத்துற வேகத்துல இழுபட்டு நீளும், டிஸ்க்கும் சூட்டுல விரியும், கேசிங் அதோட போக்குல தனியா விரியும், அதனால எங்கயாவது உரசத்தான் செய்யும். அப்போ கோட்டிங் போகணும், பிளேடு நிக்கணும். டைட்டானியம் பிளேடு நேரா டைட்டானியம் கேசிங்குல உரசினா தீ பிடிக்கவும் வாய்ப்பு உண்டு, அது எவ்வளவு பெரிய ஆபத்துன்னு சொல்ல வேண்டியதில்ல.

அதனால பள்ளம் இருக்குன்னு மட்டும் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது, எப்படி தேஞ்சிருக்குன்னு பாக்கணும். கம்ப்ரசர் பக்கம், அதாவது காத்த அழுத்துற முன் பகுதியில, அலுமினியம் சிலிக்கானோட பாலியெஸ்டரோ போரான் நைட்ரைடோ கலந்து ஸ்ப்ரே பண்ணுவாங்க, உலோகம் பிடிச்சு நிறுத்தும், மத்தது வேணும்னே உள்ள வச்ச பலவீனம், பிளேடு பட்டா பொடியா உதிர்ந்து காத்தோட போயிடணும். அப்படி போனா பள்ளம் சுத்தமா இருக்கும், பிளேடு நுனியும் அப்படியே இருக்கும். சில நேரம் உதிராம இளகி அலுமினியம் பிளேடு நுனியிலயே ஒட்டிக்கும். இதுல புதுசா வர்ற பசங்க நம்பவே மாட்டாங்க, ஒவ்வொரு சுத்துக்கும் பிளேடு ரொம்ப கொஞ்சமா உள்ள போனாதான் இந்த ஒட்டல் அதிகம், கொஞ்சம் ஆழமா போனா சீவிட்டு போயிடும். ஒட்டினது நுனிய நீளமாக்கும், நீண்ட நுனி தேவைக்கு மேல உழும், அப்புறம் அந்த கேப் திரும்ப மூடாது. போரோஸ்கோப் (இன்ஜின பிரிக்காம எட்டிப் பாக்கிற கேமரா குழாய்) உள்ள விட்டா நான் முதல்ல தேடுறது நுனியில இருக்கிற அந்த ஒட்டலத்தான்.

பள்ளமே இல்லாம மேல்பரப்பு மொத்தமா அரிச்சிருந்தா அது தூசி மணலோட வேலை. ரொம்ப சாஃப்டா அடிச்சா அப்படி ஆகும், கெட்டியா அடிச்சா பிளேடு தேயும், இந்த ரெண்டுக்கும் நடுவுல ஹார்ட்னஸ நிறுத்துறதுக்குள்ள ஸ்ப்ரே பண்றவங்களுக்கு உயிர் போயிடும். ஒரு தடவ எங்க ஷாப்லயே கெட்டியா அடிச்சிட்டாங்க, டெஸ்ட் பீஸ்ல தெரிஞ்சதும் அத்தனையும் வாட்டர் ஜெட் வச்சு உரிச்சு திரும்ப அடிச்சோம், ராத்திரி பூரா யாரும் வீட்டுக்கு போகல. டர்பைன் பக்கம் இன்னும் கஷ்டம், அங்க ஜிர்கோனியா செராமிக், அத வெட்ட பிளேடு நுனியிலயே கடினமான துகள் பதிக்க வேண்டியிருக்கும்.

கட்டுரையோட வந்த போட்டோவுல பள்ளம் ஒரே சீரா, ஓரம் சுத்தமா இருந்துச்சு. நான் பாத்த வரைக்கும் அந்த கோட்டிங் தன் வேலைய சரியா செஞ்சிருக்கு. தயவுசெஞ்சு அந்த வரிய திருத்தி போடுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இன்ஜின் டெக்னீஷியன்