அரங்கின் வெளியே நிற்கும் கிளெமென்டே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். விளையாட்டு வீரருக்குச் சிலை எதற்கு என்று கேட்போர், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பிஎன்சி பார்க் அரங்கின் வெளியே நிற்கும் ரொபெர்ட்டோ கிளெமென்டேயின் வெண்கலச் சிலையைப் பற்றி அறிய வேண்டும். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து, அந்நகரின் பைரேட்ஸ் அணிக்காக 18 பருவங்கள் ஆடி, 3,000 ஹிட்களை (பந்தை அடித்து, ஆட்டமிழக்காமல் தளத்தைச் சேர்வது ஒரு ஹிட்) எட்டிய அந்த பேஸ்பால் வீரர், நிலநடுக்கத்தால் சிதைந்த நிகரகுவாவுக்கு நிவாரணப் பொருள்களுடன் புறப்பட்ட விமானம் 1972 டிசம்பர் 31 அன்று கடலில் விழுந்ததில், 38 வயதில் உயிரிழந்தார். முன்னர் அனுப்பிய உதவி மக்களைச் சென்றடையவில்லை என்று கேள்விப்பட்டதால்தான் அவர் தாமே உடன் கிளம்பினார்.

1994-இல் திறக்கப்பட்ட அச்சிலை, பந்தை அடித்துவிட்டு, மட்டையை விட்டு ஓடத் தொடங்கும் கணத்தில் அவரைக் காட்டுகிறது. போர்ட்டோ ரிக்கோவில் அவர் ஆடிய மைதானம், பைரேட்ஸின் பழைய அரங்கமான ஃபோர்ப்ஸ் ஃபீல்ட், பின்னர் வந்த த்ரீ ரிவர்ஸ் அரங்கம் ஆகிய மூன்று இடங்களின் மண்ணும் அதன் பீடத்தில் வைக்கப்பட்டுள்ளது. எந்தக் கல்வெட்டு வாசகத்தையும்விட இது பொருத்தமான மரியாதை என்பது என் உறுதியான கருத்து. 2001-இல் புதிய அரங்கமான பிஎன்சி பார்க் வந்தபோது சிலையையும் உடன் கொண்டுவந்தது பாராட்டுக்குரியது. அவர் பெயரைத் தாங்கிய பாலத்தின் வழியே நடந்து வருவோர், கையில் நுழைவுச்சீட்டு இல்லாவிட்டாலும், அவரைக் காணலாம்.

பிற அணிகளும் தம் வீரர்களுக்குச் சிலை எழுப்பும்போது, ஆட்டக் கணக்குகளோடு நிறுத்திவிடாமல், களத்துக்கு வெளியே அவர்கள் செய்த பணிகளையும் பீடத்தில் பொறிக்க வேண்டும்.

இப்படிக்கு,
பேஸ்பால் ஆர்வலரான ஒரு வாசகர்