உன் ஊர்ப் பெண்மணி

அன்புள்ள பாப்பா,

"இந்த ஊரில் ஒன்றுமே இல்லப்பா, பாரிஸ் பக்கமே வந்துவிடலாமா என்று யோசிக்கிறேன்" என்றாயே, அதற்கு நான் அப்போது பதில் சொல்லவில்லை. மறுநாள் நீ வேலைக்குப் போனதும் நானும் அம்மாவும் உங்கள் ஷாத்தியோன்-சுர்-சேன் மியூசியத்துக்குப் போனோம். அம்மா சீக்கிரமே வெளியே வந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் "சரிப்பா, அப்புறம் பேசுறேன்" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

அங்கே ஒரு வெண்கலப் பாத்திரம் இருக்கிறது. உயரம் 1.64 மீட்டர், எடை 208 கிலோ, கொள்ளளவு ஏறக்குறைய 1,100 லிட்டர். கிரேக்கர்கள் மதுவில் தண்ணீர் கலக்கும் வகைப் பாத்திரம். கழுத்தைச் சுற்றிப் போர்வீரர்களும் தேர்களும் வரிசையாகப் போகிறார்கள். எந்தச் சிலை எங்கே பொருந்த வேண்டும் என்று கிரேக்க எழுத்தில் குறியிட்டிருக்கிறார்கள். தென் இத்தாலியில் இருந்த கிரேக்கப் பட்டறையில் செய்தது என்கிறார்கள். இவ்வளவு பெரிய பாத்திரம் இந்த மூலைக்கு ஏன் வந்தது?

பக்கத்து விக்ஸ் கிராமத்தில், மோன் லாசுவா குன்றின் அடிவாரத்தில் ஒரு பெண்ணின் கல்லறையில் கிடைத்தது இது. கி.மு. 500 வாக்கில் புதைத்திருக்கிறார்கள். 1953 ஜனவரியில், சேறும் தண்ணீருமாக இருந்த குழியில் இறங்கி எடுத்தவர்கள் ரெனே ஜோஃப்ருவாவும் மோரிஸ் முவாசோனும். ஜோஃப்ருவா உங்கள் ஊரிலேயே தத்துவம் சொல்லிக்கொடுத்த வாத்தியார்!

சக்கரங்களைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, வண்டியின் மேல்தட்டில் அவளைக் கிடத்தியிருக்கிறார்கள். முப்பதைத் தாண்டிய வயது. அவளுடைய தங்கக் கழுத்து வளையம் மட்டும் 480 கிராம். நம் கணக்கில் 60 சவரன், பாப்பா! அதன் இரண்டு முனையிலும் சின்னஞ்சிறிதாகச் சிறகு முளைத்த குதிரைகள். அம்மா நின்று பார்த்தது அதை மட்டும்தான்.

இவ்வளவு செல்வத்தோடு புதைக்கப்பட்டது ஒரு பெண்ணாக இருக்க முடியாது, பெண் வேடமிட்ட பூசாரியாக இருக்கும் என்று வாதாடிய அறிஞர்களும் உண்டு. படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அவளுக்கு இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தது, தலையும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அசைந்து அசைந்துதான் நடந்திருப்பாள் என்று எலும்பை ஆராய்ந்த ஒருவர் எழுதியிருக்கிறார். இதில் பிசியோதெரபிஸ்ட் நீதான், சரியா தப்பா என்று நீ சொல்.

அந்தச் செல்வத்துக்குக் காரணம் சேன் நதி என்கிறார்கள். வெண்கலம் செய்யத் தகரம் வேண்டும். அது பிரிட்டன் பக்கமிருந்து வந்தது. நதி வழியே மேலே வரும் படகு, உங்கள் ஊர்ப் பக்கம் வந்ததும் அதற்கு மேல் போக முடியாது. சரக்கை இறக்கித் தரைவழியாகத்தான் தெற்கே கொண்டுபோக வேண்டும். மார்சேய் துறைமுகத்திலிருந்து மது எதிர்ப்பக்கமாக வந்தது. குன்றின்மேல் உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் வருமானம். 2006-இல் அங்கே பெரிய கட்டடம் ஒன்றின் அடித்தளமும் கிடைத்தது. 35 மீட்டர் நீளம். அவள் இறந்து இரண்டு தலைமுறைக்குள் அந்த இடத்தைக் கைவிட்டுவிட்டார்கள்.

நீ அங்கேயே இரு என்று சொல்ல இதை எழுதவில்லை. இடமாற்றம் கேட்பதானால் கேள். ஆனால் மே மாதம் நாங்கள் வரும்வரை பொறு, அந்தக் குன்றில் ஏறிப் பார்க்க வேண்டும். அம்மாவின் முட்டிவலிக்கு அந்தப் பாதை சரிப்படுமா, கார் எதுவரை போகும் என்று மட்டும் விசாரித்து வை.

அன்புடன்,
அப்பா