பாஜே கடற்கரையிலிருந்து அம்மாவுக்கு

அம்மா,

ஆப்பிரிக்காப் பக்கம் இருக்கும் இந்தச் சான்சிபார் தீவுக்கு வந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. போனில் சாப்பிட்டாயா, காய்ச்சல் இல்லையே என்று கேட்டு முடிப்பதற்குள் சிக்னல் போய்விடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். தங்கச்சியைப் படித்துக் காட்டச் சொல். ஓட்டல் அடுப்படி வேலை, தங்கல் இங்கேயே, சோறும் மீனும் தேங்காய்ப்பால் குழம்பும் கிடைக்கிறது. என்னைப் பற்றிக் கவலை வேண்டாம்.

சொல்ல வந்தது ஓட்டலுக்கு முன்னால் இருக்கும் கடலைப் பற்றி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் வற்றினால் வெகுதூரத்துக்கு வெறும் மணல்தான், அதில் பெண்கள் கூட்டமாக இறங்கிப் போகிறார்கள். முதல் நாள் பார்த்தபோது அப்படியே நின்றுவிட்டேன். கடல்பாசி, அம்மா! மணலில் குச்சி நட்டு, கயிறு கட்டி, நம் ஊரில் மிதவையில் வளர்த்து பெப்சி பாசி என்று சொல்கிறோமே, அந்த வகையையும் அதன் இனத்தையும் வளர்க்கிறார்கள். 1989-ல் இந்தப் பக்கம் தொடங்கிய தொழிலாம். உன் வயதில் ஒரு அம்மா எனக்குப் பழக்கம். பாசி பறிக்க விரலில் துணி சுற்றிக்கொண்டு நீ நிற்கும் போட்டோவைக் காட்டினேன், உடனே தன் விரலில் இருந்த உப்புப் புண்ணை எனக்குக் காட்டினார். பாஷை தேவைப்படவில்லை.

ஆறு வாரம் வளர்த்து, அறுத்து, காயவைத்தால் கூடை கூடையாக இருந்தது ஒரு சாக்குக்குள் அடங்கிவிடுகிறது. வாங்க வருபவர் சொல்வதுதான் விலை. அது கப்பலேறிப் போய் ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேருகிறது, இவர்கள் வீட்டுக் கூரையோ இன்னும் ஓலைதான். நல்ல விலை போகும் பாசி வகை கரையோரத் தண்ணீர் சூடாகிச் செத்துப் போகிறது. ஆழத்தில் பிழைக்கும், ஆனால் அதற்குப் படகு வேண்டும், நீச்சல் வேண்டும், இங்கே நிறைய பெண்களுக்கு நீச்சல் தெரியாது, இப்போதுதான் வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். முக்குளித்துப் பாசி பறிக்கும் உனக்கு இது நம்பவே முடியாது.

சிலர் பாசியை அப்படியே விற்காமல் பொடியாக்கிச் சோப்பு செய்கிறார்கள். ஒரு சோப்புக்கு வரும் காசு ஒரு கிலோ காய்ந்த பாசிக்கு வருவதைவிட அதிகம். அப்புறம் இவர்களுடைய சேமிப்புப் பெட்டி! வாராவாரம் கூடி ஆளுக்கு முடிந்ததைப் போடுகிறார்கள். பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று பெண்களிடம். அதிலிருந்தே கடன், வட்டியும் அவர்களுக்கே, வருஷக் கடைசியில் பிரித்துக்கொள்கிறார்கள். டாசாஃப் என்று ஒரு அரசுத் திட்டமும் ரொம்ப ஏழையான வீடுகளுக்குப் பணம் தருகிறது, நமக்கு 2023-லிருந்து வரும் ஆயிரம் ரூபாய் மாதிரி. அதெல்லாம் பசியைத் தள்ளிப்போடும். நம் வீட்டிலும் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பா சும்மா இருக்கும்போது ரேஷன் அரிசிதானே காப்பாற்றியது. ஆனால் நாம் ஏழையாகவே இருப்பதற்குக் காரணம் வேறு, அது எனக்கு இங்கே வந்த பிறகுதான் விளங்கியது.

2018-ல் மத்திய அரசு நாடு முழுக்கப் பின்தங்கிய மாவட்டங்களைப் பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டில் எடுத்தது இரண்டே இரண்டு, விருதுநகரும் நம் ராமநாதபுரமும். வானம் பார்த்த பூமி என்பார்கள். சரி, ஆனால் நீ மழையை நம்பியா இருந்தாய்? முப்பது வருஷமாகக் கடலில் இறங்குகிறாய். முன்பணம் தந்தவரிடமே பாசியைப் போட வேண்டும், அவர் தராசு, அவர் விலை. அக்கா கல்யாணத்துக்கு வாங்கியது இன்னும் அடையவில்லை. உழைப்புக் குறைவால் வந்த வறுமை இல்லை அம்மா இது.

அதனால் ஒன்று கேட்கிறேன். இந்த மாதமும் அடுத்த மூன்று மாதமும் அனுப்பும் பணத்தை வீட்டுத் தளத்துக்குத் தொடாதே. முதலில் அந்த முன்பணக் கடனை அடை. பிறகு குழுவில் பேசு, பத்துப் பேர் மணல் ஒட்டாமல் தார்ப்பாயில் காயவைத்துச் சேர்ந்து விற்றால் வேறு வியாபாரி கட்டாயம் வருவார். ஓலைக்கூரை இன்னொரு மழையைத் தாங்கும்.

தங்கச்சி பன்னிரண்டாவதை முடிக்க வேண்டும், லீவு போட்டுப் பாசிக்கு வரக் கூடாது. பாக்கி எவ்வளவு என்று வியாபாரியின் நோட்டைப் பார்த்து அவளையே எழுதி அனுப்பச் சொல், தேதியோடு.

உன் மகன்