நெத்திலி வறுவல் 'ஸ்டார்ட்டர்' ஆன கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இராமேசுவரம் நெடுஞ்சாலையில் உள்ள ஓர் உணவகத்தில் நெத்திலி வறுவலை 'ஸ்டார்ட்டர்' என்றும் நண்டுக் குழம்பை 'மெயின் கோர்ஸ்' என்றும் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். பெயரோடு நின்றிருந்தால் இக்கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். வறுவலை முதலில் கொண்டுவந்து வைத்தார்கள். அதை நாங்கள் கொறித்து முடித்துக் கால் மணி நேரம் ஆன பிறகே சோறு வந்தது.

இரவல் சொல்லே ஆகாது என்பது என் கட்சியன்று. மகன் பணிபுரியும் ஜப்பானின் யோகோஹாமாவில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது, அங்கே மேல்நாட்டு விருந்தின் கட்டங்களுக்குப் பெரும்பாலும் இரவல் சொல்லே வழங்குவதைக் கண்டேன். முதலில் வருவது 'ஓடோபுரு' (பிரெஞ்சுச் சொல்), இறுதியில் வரும் இனிப்பு 'டெசாட்டோ', முழு வரிசைக்கும் பெயர் 'ஃபுரு கோசு'. ஆனால் சோறும் சாறும் மீனும் ஒரே தட்டத்தில் சேர்ந்து வரும் அவர்களது சொந்தச் சாப்பாட்டுக்கு 'தெய்ஷோக்கு' என்ற பழைய பெயரே நிலைத்திருக்கிறது. அதை யாரும் கட்டங்களாகப் பிரிப்பதில்லை.

சோற்றில் அவர்கள் காட்டும் நுட்பம் இன்னும் வியப்பானது. கிண்ணத்தில் வந்தால் 'கோஹான்'; அதே சோறு மேல்நாட்டு உணவோடு தட்டையான தட்டில் வந்தால் 'ரைசு'. நம் 'கறி'யும் ஆங்கிலத்தின் வழியே அங்கு போய்க் 'கரே ரைசு' ஆகியிருக்கிறது. தோக்கியோவின் இம்பீரியல் ஓட்டல் 1958இல் ஸ்காண்டிநேவிய முறையில் அவரவரே எடுத்துண்ணும் விருந்தைத் தொடங்கி அதற்கு 'வைக்கிங்' என்று பெயரிட, இன்றும் அந்நாட்டில் பஃபேக்குப் பரவலாக வழங்கும் பெயர் 'பைக்கிங்கு'தான். (வைக்கிங் என்பது ஸ்காண்டிநேவியாவின் பழங்காலக் கடற்கொள்ளையர் பெயர்; பொருத்தமில்லை என்று சொல்வதற்கில்லை.) இச்சொற்களைக் கத்தகானா என்ற தனி எழுத்து வகையில் எழுதுவதால், இரவல் எதுவென்று பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது.

நம் கரையிலும் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. கீழக்கரை விருந்துகளில் பலர் சுற்றி அமர்ந்து ஒன்றாக உண்ணும் தட்டுக்குச் 'சஹன்' என்று பெயர். அரபுச் சொல்தான், ஆயினும் அது தனக்குரிய வழக்கத்தோடு வந்து தங்கிய சொல். 'ஸ்டார்ட்டர்' அப்படி வரவில்லை. இலையில் ஏற்கெனவே வெஞ்சனம் (சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது) இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, சோற்றைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

சூப்பும் ஐஸ்கிரீமும் அந்தப் பெயர்களிலேயே இருக்கட்டும். தங்கள் நாளிதழின் சமையல் பக்கத்திலாவது கணவாய் வறுவலையும் இறால் தொக்கையும் 'ஸ்டார்ட்டர்' என்ற தலைப்பின்கீழ் இடாமல், சோற்றுக்குத் தொட்டுக்கொள்பவை என்றே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தங்கச்சிமடம்